சுண்ணாம்புச் சுவரும் நாலு இன்ஜினீயர்களும்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று குழுவினர் கேட்டார்கள். சோழர், பல்லவர் பற்றி எழுதுமளவுக்கு எனக்கு ஞானம் போதாது. அதனால் லால்குடியில் எங்கள் தாத்தா வீட்டு முன்னறையின் வரலாற்றை எழுதுகிறேன். சுற்றுவட்டாரத்தின் வரலாறும் கொஞ்சம் அதில் வருகிறது.

அறை முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேலே மெட்ராஸ் டெரஸ். அதாவது, தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கிய தளம். கம்பி என்ற பேச்சே கிடையாது.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் சிமெண்டு அபூர்வம். 1904ல் சென்னையில் கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்டு செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. நமக்குப் பக்கத்தில் வந்தது 1939ல், ரயிலில் புள்ளம்பாடி தாண்டினால் வரும் கல்லக்குடியில் டால்மியா ஆலை தொடங்கியபோது. அங்கே பூமிக்கடியில் கிடப்பது சுமார் 10 கோடி வருடங்களுக்கு முன் கடலாயிருந்தபோது படிந்த சுண்ணாம்புக்கல். ஊர் டால்மியாபுரம் ஆனதும், 1953 ஜூலையில் கலைஞர் தலைமையில் தண்டவாளத்தில் படுத்து மறியல் நடந்ததும் எல்லோரும் அறிந்த கதை. ஆனால் சிமெண்டு மூட்டை சுலபமாகக் கிடைக்கக் கிடைக்க, சுண்ணாம்பு அரைக்கும் வேலை கொத்தனார்கள் கையைவிட்டுப் போன கதையை யாரும் பேசுவதில்லை.

எங்கள் சுவரில் ஓதம் ஏறியது. சில வருடம் முன் இடுப்பளவுக்கு சிமெண்டு பூசினோம். மாடி விரிசலுக்கும் அதையே அப்பினோம். யோசனை சொன்னது வேறு யாருமல்ல, சிவில் படித்த நான்தான்! சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், இழுத்ததைக் காற்றில் விட்டும்விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்தது. ஓதம் பூச்சுக்கு மேலே ஏறியது. மாடியில் சிமெண்டும் பழைய தளமும் வெயிலில் ஒரே மாதிரி நீளாததால் ஓரம் பிளந்து மழைத்தண்ணீர் உத்திரத்தில் இறங்கியது. போன மழைக்காலத்தில் அதன் முனையை விரலால் குத்தினால் உதிர்ந்தது. நேர் கீழே அம்மாவின் கட்டில்.

"இடிச்சுட்டு கான்க்ரீட் போட்டுடுங்க சார்" என்றார் காண்டிராக்டர். செலவுக் கணக்கும் அப்படித்தான் வந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

ஹாஸ்டலில் பக்கத்து ரூம்களில் இருந்த மூவருக்குப் போன் செய்தேன். மெக்கானிக்கல்காரன் இரண்டு ஜாக்கியோடு வந்து உத்திரத்துக்கு முட்டு கொடுத்தான். கெமிக்கல்காரன்தான் எனக்குப் பாடம் எடுத்தான்: கல்லை 900 டிகிரி வாக்கில் சுட்டால் கரியமில வாயு போய்விடும், பூசினபின் காற்றிலிருந்து அதையே திரும்ப வாங்கிக் கல்லாகும். "அவசரப்பட்டா ஆகாதுடா." எலெக்ட்ரிகல்காரனுக்கு அங்கே வேலையில்லை, மணல் சலித்தான்.

தேடிப்பிடித்த கொத்தனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. சின்ன வயதில் அப்பாவோடு சுண்ணாம்பு வேலை பார்த்தவர். "புஸ்தகத்துல என்ன தம்பி போட்டிருக்கு?" என்றார். ஒன்றுக்கு மூன்று மணல் என்றேன். மணலைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்து, "இதுக்கு ரெண்டரை போதும்" என்றார். கடுக்காய்த் தண்ணீரை மூன்றாம் நாள் மோந்து பார்த்த பிறகுதான் சாந்து குழைக்க விட்டார். கல்லூரியில் சுண்ணாம்பு ஒரு வகுப்பில் வந்திருக்கும். அன்று நான் மெயின்கார்டு கேட் பக்கம் மேட்னி ஷோவில் இருந்திருப்பேன்.

சிமெண்டை உளியால் பெயர்த்தபோது பல செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிட்டது. அவற்றை மாற்றினோம். உத்திரத்துக்கு, இடித்த வீடொன்றின் பழைய தேக்கு கிடைத்தது. சுண்ணாம்பு சாகாவரம் பெற்றதல்ல: 1836ல் கட்டிய முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் 2018 ஆகஸ்டில் வெள்ளத்தோடு போயின. 182 வருடம் நின்றதே என்று நாங்கள் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

பூச்சு இன்னும் காய்கிறது, வெள்ளையடிக்கவில்லை. அம்மா கட்டிலை மட்டும் பழைய இடத்தில் போட்டுவிட்டார். மீதிச் சுண்ணாம்பு ஒரு டிரம்மில் தண்ணீருக்கடியில் கெடாமல் இருக்கிறது. பழைய வீடு வைத்திருக்கும் நண்பர்கள் வந்தால் தருகிறேன். டிரம்மை நீங்கள்தான் தூக்கவேண்டும்.