கடல் இல்லாத மாத்தளையும் தலைமன்னார் கடற்கரையும்

போன செமஸ்டர் லீவுக்கு பட்ச் ட்ரிப் பேச்சு எடுத்த உடனே வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று பெயர்தான் வந்தது: பாசிக்குடா, மிரிஸ்ஸ, அறுகம்பே. நான் மாத்தளை பக்கமும் பார்க்கலாமே என்று போட்டேன். "உங்க ஊர்ல என்ன மச்சான் இருக்கு, கடல் கூட இல்லயே" என்று ஒருத்தன் கேட்டான். உண்மைதான், எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் எங்கள் ஆட்கள் மாத்தளைக்கு வந்த கதை ஒரு கடற்கரையில்தான் தொடங்குகிறது. அதை அவனுக்கு டைப் பண்ணிச் சொல்லப் பொறுமை இருக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

முதலில் டூரிஸ்ட் கதை. 1966இல் இலங்கையில் சுற்றுலாச் சபை அமைக்கப்பட்டது. 1980க்குப் பிறகு யுனெஸ்கோ துணையோடு "கலாசார முக்கோணம்" வந்தது. சீகிரியா 1982இலும் தம்புள்ள குகைக் கோயில் 1991இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுமே மாத்தளை மாவட்டம். ஆனாலும் வெளிநாட்டுக்காரருடைய ப்ளானில் மாத்தளை ஒரு வழிப்பாதைதான். காலையில் காசியப்பனின் குன்றில் ஏறுவார்கள், மதியம் தம்புள்ள. அப்புறம் ஏ9 ரோட்டில் கீழே இறங்கி ஏதாவது ஒரு வாசனைத் தோட்டத்தில் வனிலா, கொக்கோ, மிளகுக் கொடி பார்ப்பார்கள். இரவு கண்டி. அதோடு நேரே பீச்.

அவர்கள் ஏசி வேனில் ஒன்றரை மணித்தியாலத்தில் கடக்கும் அந்தத் தம்புள்ள–மாத்தளை துண்டு, எங்கள் முப்பாட்டன்கள் நடந்து வந்த பழைய வடக்குப் பாதையின் கடைசித் துண்டு.

1830களுக்குப் பிறகு கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. பழம் பறிக்க ஆள் வேண்டும். ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துச் சனங்களைக் கங்காணிமார் திரட்டினார்கள். மரத்துக்குக் கீழே தோண்டினால் தேங்காயும் மாசியும் வரும் என்று ஆசை காட்டியதாகத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினால், அங்கிருந்து மாத்தளைக்குச் சுமார் 150 மைல். வரண்ட காடு. குளத்துத் தண்ணீர்தான் குடிக்க. யானை, கரடி, சிறுத்தை ஒரு பக்கம். வாந்திபேதியும் மலேரியாவும் இன்னொரு பக்கம். மிருகத்தை விடத் தண்ணீரும் நுளம்பும்தான் அதிகம் பேரைக் கொன்றிருக்கும் என்று நினைக்கிறேன். 1840களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் வரலாற்றுக்காரர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். பெயர் எழுதி வைக்கப்படாத ஆட்களை எண்ணுவது கஷ்டம்தானே.

கோப்பி அறுவடை முடிந்ததும் பலர் அதே வழியால் திரும்பி நடந்தார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. குடும்பத்தோடு லயத்தில் தங்கிப்போனது பெரும்பாலும் தேயிலைக் காலத்தில்தான். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டு, அந்தப் பயிரே அழிந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருஷம் முழுக்கக் கொழுந்து. ஆக, ஒரு பூஞ்சைதான் எங்களை இந்த ஊர்க்காரர் ஆக்கியது என்று சொன்னாலும் பெரிய பிழை இல்லை.

இந்த ரோட்டில் போகிறவர்கள் நாலந்தா கெடிகேயில் ஒரு அரை மணித்தியாலம் இறங்கலாம். பௌத்த விகாரை, ஆனால் கல் வேலைப்பாடு திராவிட பாணி. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்ததைக் கல்லுக் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். எனக்குச் சீகிரியாவை விட இது பிடிக்கும், கூட்டமும் இல்லை. பிறகு மாத்தளை டவுனில் முத்துமாரியம்மன் கோயில். ராஜகோபுரம் 108 அடி. மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். 1983 கலவரத்தில் இந்தக் கோயிலும் தப்பவில்லை. காட்டைத் தாண்டி உயிரோடு வந்த சனம், அம்மை நோய்க்குப் பயந்து கும்பிட்ட அதே மாரியைத்தான் இங்கே கும்பிட்டது.

தலைமன்னாருக்கு வருவோம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல், இரண்டு பக்கமும் ரயில். இங்கே வருகிறவர்களை முதலில் மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதிப்பார்கள். நடை ஒழிந்தது. அதே தண்டவாளம்தான் பிறகு ஆட்களைத் திருப்பியும் கொண்டு போனது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். போகிறவர்களை ஏற்றிய ரயிலுக்குத் தோட்டத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்.

எங்கள் அம்மாயியின் தங்கச்சி 1970களில் அந்தக் கோச்சியில் ஏறினவர். அம்மாயி கண்டி ஸ்டேஷன் வரைக்கும்தான் போனார். "அதுக்கு அங்கிட்டு கடல் இருக்குன்னு சொன்னாங்க சாமி, நான் பாக்கல" என்பார். இன்று வரைக்கும் அவர் கடல் பார்த்ததில்லை. மாத்தளையில் பிறந்து, எழுபது தாண்டி, ஒரு தீவில்!

2023இல் மலையகம் 200ஐ ஒட்டி ஜூலை கடைசியில் தலைமன்னாரில் ஒரு நடைபயணம் கிளம்பி, பழைய பாதை வழியே ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. காணி, வீடு, சம உரிமை கேட்டு நடந்தார்கள். அம்மாயி டீவியில் செய்தி பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "திரும்பிப் போறப்போ பஸ்ஸா?"

பட்ச்சோடு நான் பாசிக்குடா போகவில்லை. சித்திரை லீவுக்கு மாமாவின் வேன் கிடைக்கும். மாத்தளை, நாலந்தா, தம்புள்ள, மதவாச்சி, மன்னார், தலைமன்னார். அம்மாயிக்குக் கால் வலி, வழியில் நாலு இடத்தில் நிறுத்த வேண்டும். பழைய பியரடியில் தண்ணீரில் இறங்குவாரா என்று தெரியாது. மாற்றுச் சேலை ஒன்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.