கம்ரி: ஒரு பெயரின் பூர்வீகம்

இளவரசி டயானாவின் பட்டத்தால் 'வேல்ஸ்' என்ற பெயர் நம்மில் பலருக்கும் பழக்கம். ஆனால் அந்த மக்கள் தங்கள் மொழியில் தங்கள் நாட்டை அப்படி அழைப்பதில்லை. அவர்களுக்கு அது 'கம்ரி'. ஏன் இந்த இரண்டு பெயர்கள்?

முதலில் வேல்ஸைப் பார்ப்போம். சீசர் தன் நூலில் 'வோல்கே' என்ற கெல்டிக் இனக்குழுவைக் குறிப்பிடுகிறார். அவர்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் அந்தப் பெயரை 'வால்ஹ்' என்று திரித்து, பிறகு கெல்டியர், ரோமானியர் என்று எல்லா அயலாருக்கும் அதையே வைத்துவிட்டார்கள் என்பது மொழியியலாளர்கள் கருத்து. பெல்ஜியத்தின் வலோனியா, ருமேனியாவின் வலாக்கியா, ஏன், 'வால்நட்' கொட்டையின் பெயரில் உள்ள 'வால்' கூட இந்த வேரிலிருந்து வந்ததுதான்!

5-ஆம் நூற்றாண்டு முதல் பிரிட்டனில் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன்கள், அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்களை இதே சொல்லால் அழைத்தார்கள். வந்தவன் வீட்டுக்காரனை அந்நியன் என்ற கதை! பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு 'அடிமை' என்ற பொருளும் சேர்ந்தது. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸ் மன்னர் இனே இயற்றிய சட்டத்தில், கொல்லப்பட்டவர் இந்த இனத்தவர் என்றால் உறவினருக்குத் தரவேண்டிய ஈட்டுத்தொகை சாக்சனுக்கு உரியதைவிடக் குறைவு. ஒரு பெயர் உயிரின் விலையையே குறைத்துவிட்டது.

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரோ வேறு. பழைய பிரித்தானிய மொழியில் அது 'கொம்ப்ரோகி'. 'கொம்' என்றால் உடன்; 'ப்ரோக்' என்றால் நிலம். அதாவது 'ஒரே மண்ணின் மக்கள்'. இன்றைய வேல்ஸ் மொழியிலும் 'ப்ரோ' என்றால் வட்டாரம். பண்டைய பிரான்சில் 'அல்லோப்ரோகெஸ்' என்றொரு குழு இருந்தது. பொருள் 'வேற்று மண்ணினர்'. நேர் எதிர்ச்சொல்! வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவும் கொம்ப்ரோகியின் வழிவந்த பெயரே. இவர்களின் உறவினர்கள் ஒரு காலத்தில் அதுவரை பரவி வாழ்ந்ததற்கு அது சாட்சி.

16-ஆம் நூற்றாண்டு வரை மக்களுக்கும் நாட்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். பின்னர் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி இரண்டையும் பிரித்தார்கள். உச்சரிப்பு இன்றும் ஒன்றே: கம்ரி. மக்களின் பெயரே நாட்டின் பெயர்!

2020-இல் அவர்களின் சட்டமன்றம் 'செனெத் கம்ரி' என்று சட்டப்படி பெயர் மாற்றம் பெற்றது. அடுத்தவர் வைத்த பெயர் வரைபடத்தில் நிற்கலாம். ஆனால் 'நாம்' என்று சொல்ல, சொந்தப் பெயர்தானே வேண்டும்?