பேண்டிங் எண்ணாத கலோரிகள்: ஒரு விக்டோரிய உணவுப் பட்டியலின் மறுவாசிப்பு

மாவுச்சத்தைக் குறைத்து எடை இறக்குவோருக்கு ஒரு மூலபுருஷர் உண்டு. லண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாட்டுத் தொழில் செய்து ஓய்வுபெற்ற வில்லியம் பேண்டிங் அவர். ஐந்தடி ஐந்தங்குல உயரம். 202 பவுண்டு எடை. குனிந்து செருப்பு வாரைக் கட்ட முடியாது. படிகளில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். காது மந்தமானதால் 1862 ஆகஸ்டில் வில்லியம் ஹார்வி என்ற காது அறுவை மருத்துவரைப் பார்க்கப் போனார். அவரோ உணவை மாற்றச் சொன்னார். ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது. அந்த அனுபவத்தை 1863இல் 'உடற்பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம்' என்ற சிறு வெளியீடாக அச்சிட்டு முதலில் இலவசமாகவே கொடுத்தார் பேண்டிங்.

இந்தக் கதைக்கு நம் காலத்தில் அதிகாரபூர்வ வடிவம் கொடுத்தவர் அமெரிக்க அறிவியல் எழுத்தாளர் கேரி டாப்ஸ். 2007இல் வெளியான 'குட் கலோரீஸ், பேட் கலோரீஸ்' நூலை அவர் பேண்டிங்கிலிருந்துதான் தொடங்குகிறார். அவர் வாசிப்பின் சாரம் இது: மாவும் சர்க்கரையும் இன்சுலினைத் தூண்டுகின்றன, இன்சுலின் கொழுப்பைச் சேமிக்கிறது. ஆகவே மாவை விலக்கியவர் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று கவலைப்பட வேண்டியதில்லை. பேண்டிங் மூன்று வேளை இறைச்சி தின்று, நாளுக்கு நான்கைந்து கோப்பை ஒயினும் குடித்து இளைத்தாரே, போதாதா? டாப்ஸின் வழக்கில் பேண்டிங் முதல் சாட்சி.

மாவைக் குறைத்ததால்தான் பேண்டிங் இளைத்தார் என்பதில் இக்கட்டுரைக்கு மறுப்பில்லை. அளவு பொருட்டல்ல என்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. டாப்ஸுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் அவுன்சுகளை மறைக்கவில்லை, மதுவையும் மறைக்கவில்லை. அதோடு, உணவின் அளவை இயல்பான பசிக்கே விட்டுவிடலாம், தரம் மட்டுமே முக்கியம் என்று பேண்டிங்கே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். டாப்ஸின் கையிலுள்ள மிக வலுவான ஆதாரம் அதுதான். ஆனால் அதே கடிதத்தில் இருக்கும் பட்டியல் வேறொன்றைச் சொல்கிறது. ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வதும் அவர் தட்டில் விழுவதும் ஒத்துப்போகாதது 1863க்கு மட்டும் உரிய விசித்திரம் அன்று.

பட்டியலுக்கு வருவோம். காலையில் நாலைந்து அவுன்சு மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, சிறுநீரகம், வாட்டிய மீன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று. பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். ஓர் அவுன்சு வெறும் டோஸ்ட். நண்பகல் உணவில் ஐந்தாறு அவுன்சு மீன் அல்லது இறைச்சி, உருளைக்கிழங்கு நீங்கலான காய், மீண்டும் ஓர் அவுன்சு டோஸ்ட், புட்டிங்கிலிருந்து எடுத்த பழம், இரண்டு மூன்று கோப்பை கிளாரட் அல்லது ஷெர்ரி. மாலையில் கொஞ்சம் பழமும் ஓரிரு ரஸ்க்கும். இரவில் மூன்று நான்கு அவுன்சு இறைச்சி, ஓரிரு கோப்பை கிளாரட். தேவைப்பட்டால் படுக்கும்முன் சர்க்கரையில்லாத ஜின்னோ விஸ்கியோ பிராந்தியோ ஒரு டம்ளர்.

ஹார்வி விலக்கச் சொன்னவை ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பியர், உருளைக்கிழங்கு. டாப்ஸின் சுருக்கத்தில் ரொட்டி, பால், பியர், இனிப்பு, உருளைக்கிழங்கு ஆகியவை முன்னால் நிற்கின்றன. வெண்ணெய்க்குரிய கனம் அங்கே கிடைக்கவில்லை. வெண்ணெயில் மாவுச்சத்து இல்லை என்பதை இன்று பள்ளிக் குழந்தைகூடச் சொல்லும். இந்தப் பொருள்களில் எல்லாம் மாவும் சர்க்கரையும் உண்டு என்ற காரணத்தால்தான் அவை விலக்கப்பட்டன. வெண்ணெயைப் பொறுத்தவரை காரணம் தவறு, விலக்கு மட்டும் நடந்தது. பன்றியிறைச்சிக்கும் சால்மன் மீனுக்கும் தடை. ஆக, பேண்டிங்கின் தட்டிலிருந்து மாவோடு சேர்ந்து கொழுப்பிலும் ஒரு பங்கு வெளியேறியிருக்கிறது. காப்பியில் வெண்ணெயைக் கரைத்துக் குடிக்கும் இன்றைய லோ கார்ப் அன்பர்களுக்கு இது அவ்வளவு வசதியான பாட்டனார் வரலாறு இல்லை.

இனி, இக்கட்டுரை பெரிதும் சாய்ந்து நிற்கும் பாடபேதம். கடிதத்தின் முதல் வடிவத்தில் நண்பகல் உணவு குறித்த வாக்கியம் குழப்பமானது. ஐந்தாறு அவுன்சு மீன், எந்த இறைச்சியும், எந்தக் காயும், கோழியும் என்று காற்புள்ளிகளோடு ஓடுகிறது. ஐந்தாறு அவுன்சு என்பது மீனுக்கு மட்டுமா? இறைச்சியும் கோழியும் அதற்கு மேல் அளவின்றியா? அளவின்றி என்று படித்தால் டாப்ஸின் பேண்டிங் கிடைப்பார். 1869இல் வந்த நான்காம் பதிப்பின் பட்டியலிலோ ஒவ்வொரு வேளைக்கும் கீழே கூட்டுத்தொகை போடப்பட்டிருக்கிறது. காலையில் திடம் ஆறு அவுன்சு, திரவம் ஒன்பது. நண்பகலில் திடம் பத்து முதல் பன்னிரண்டு, திரவம் பத்து. மாலையில் திடம் இரண்டு முதல் நான்கு, திரவம் ஒன்பது. இரவில் திடம் நான்கு, திரவம் ஏழு. விலக்குப் பட்டியலும் இதில் நீண்டுவிட்டது: ஹெர்ரிங், விலாங்கு, கன்றிறைச்சி, கேரட், பீட்ரூட், டர்னிப்.

குழப்பம் இங்கே தெளிகிறது. நண்பகல் திடம் பன்னிரண்டு அவுன்சைத் தாண்டாது என்றால் அதில் டோஸ்ட், காய், பழம் போக மீனுக்கும் இறைச்சிக்கும் சேர்த்தே ஆறேழு அவுன்சுதான் மிஞ்சும். ஒயின் கோப்பையின் அளவும் இதிலிருந்து கிடைக்கிறது. மூன்று கோப்பைக்குப் பத்து அவுன்சு என்றால் ஒரு கோப்பை ஏறத்தாழ 95 மில்லி. இன்றைய உணவகக் கோப்பையைவிடச் சிறியது. நாள் முழுதும் திட உணவு 22 முதல் 26 அவுன்சு, அதாவது 625 முதல் 740 கிராம். அதில் காயும் பழமும் அடக்கம். பசிக்கு விட்டுவிட்ட மனிதர் இப்படிக் கூட்டிப்பார்ப்பாரா?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும்: இந்தக் கூட்டுத்தொகைகள் 1862-63இல் தராசில் நிறுத்தவையா, வாசகர்கள் கேட்டதால் பின்னாளில் நினைவிலிருந்து போட்டவையா? பட்டியலுக்குள் இதற்கு விடை இல்லை. நினைவிலிருந்து போட்டவை என்றே கொண்டாலும் முதல் வடிவத்திலேயே தனித்தனி அவுன்சுகள் உள்ளன. கூட்டல்தான் புதிது.

இதைக் கலோரியாக மாற்றினால் என்ன வரும்? பேண்டிங் காலத்தில் அப்படி எண்ண வழியில்லை. எட்வர்ட் பிராங்க்லண்ட் உணவுப் பொருள்களை எரித்து வெப்பம் அளந்து வெளியிட்டது 1866இல். வில்பர் அட்வாட்டர் அமெரிக்காவில் அதை மனித உணவுக் கணக்காக வளர்த்தது அதற்கும் பின். புரதமும் மாவும் கிராமுக்கு 4, கொழுப்பு 9 என்ற அட்வாட்டர் கணக்கில், மதுவுக்கு 7 சேர்த்துப் பார்க்கலாம். மீனும் கிளாரட்டும் மட்டும் எடுத்த நாளில் ஆயிரம் கலோரியை ஒட்டி வரும். கொழுத்த ஆட்டிறைச்சி, ஷெர்ரி, இரவு பிராந்தி என்றால் 2,300ஐத் தொடும். நடுத்தரமான நாளுக்கு 1,700 எனலாம். அதில் கால்பங்குக்குக் குறையாமல் மது. பரப்பு மிக அகலம்தான். இறைச்சியின் கொழுப்பு அளவு தெரியாத நிலையில் இதற்கு மேல் இறுக்கினால் அது ஊகமாகிவிடும்.

ஆனால் வேறொரு பக்கமிருந்து இதைச் சரிபார்க்க வழி உண்டு. பேண்டிங் தம் எடையைத் தேதிவாரியாகத் தந்திருக்கிறார். தொடக்க வாரங்களை விட்டால் பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை. 1862 ஆகஸ்ட் 26இல் 202 பவுண்டு. மறு ஆகஸ்ட் 26இல் 156. ஒரு பவுண்டு உடற்கொழுப்புக்கு 3,500 கலோரி என்ற தோராய விதிப்படி 46 பவுண்டுக்கு 1,61,000 கலோரி. 365 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 440 மட்டுமே பற்றாக்குறை. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் அடியில் இருக்கும் எண் இத்தனை சிறியது! ஒரு பைன்ட் பியர், டோஸ்டில் தடவும் இருபது கிராம் வெண்ணெய், கால் லிட்டர் பால் ஆகிய மூன்றை மட்டும் நிறுத்தினாலே 500ஐத் தாண்டும். அவருடைய வயது, உயரம், எடை, அதிக நடமாட்டமில்லாத வாழ்க்கை ஆகியவற்றை இன்றைய சூத்திரத்தில் இட்டால் செலவு நாளுக்கு 2,000ஐ ஒட்டி வரும். 440ஐக் கழித்தால் 1,500 சொச்சம். பட்டியலின் நடுக்கணக்கு 1,700. இரண்டு தோராயங்கள் அருகருகே நிற்பது நிரூபணம் ஆகாது. ஆனாலும் இன்சுலினைத் தனியாக அழைக்காமலே கணக்கு முடிந்துவிடுகிறது.

எடைப் பட்டியலில் இன்னொரு செய்தியும் உண்டு. மாவை முற்றாக நிறுத்துவோருக்கு முதல் வாரத்திலேயே எடை சடசடவென்று இறங்கும். கல்லீரலிலும் தசையிலும் உள்ள கிளைக்கோஜன் கரையும்போது அதோடு கட்டுண்ட மூன்று நான்கு மடங்கு நீரும் வெளியேறுவதே காரணம். பேண்டிங்கோ முதல் 12 நாளில் இழந்தது இரண்டே பவுண்டு. அந்தச் சரிவு அவரிடம் இல்லை. டோஸ்ட், ரஸ்க், பழம் எல்லாம் சேர்த்தால் அவர் நாளுக்கு 80, 100 கிராம் மாவுச்சத்து எடுத்திருப்பார் என்பது இதோடு பொருந்துகிறது. கீட்டோ உணவின் முன்னோடியாக அவரைக் காட்டுவது இந்த இடத்தில் தடுக்கி விழுகிறது. இரண்டே அளவீடுகளின் மேல் கட்டிய வாதம் இது. தொடக்க எடை சற்றுப் பிசகியிருந்தாலும் ஆட்டம் காணும். ஆயினும் அடுத்த 20 நாளில் மூன்று, பிறகு 22 நாளில் நான்கு என்று இறக்கம் கூடுகிறதே தவிர, தொடக்கத்தில் பாய்ந்து பின் அடங்கவில்லை.

அளவை மறக்கலாம் என்ற துணிவு 20ஆம் நூற்றாண்டில் பிறந்தது. 1918இல் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் கலோரி எண்ணுவதை வீட்டுப் பழக்கமாக்கிய பிறகுதான் அதை எதிர்க்கவும் முடிந்தது. ஆல்ஃபிரட் பென்னிங்டன் டூபான்ட் நிறுவனத்தின் 20 ஊழியர்களை இறைச்சியும் கொழுப்பும் உண்ணச் செய்து, சராசரி 3,000 கலோரியிலேயே இளைத்ததாக அறிவித்தார். அவர்கள் வீட்டில் உண்டவர்கள்; வார்டில் வைத்து நிறுத்துக் கொடுத்த கணக்கன்று. 1956இல் லண்டனில் கெக்விக்கும் பவனும் ஆயிரம் கலோரியைக் கொழுப்பாகக் கொடுத்தால் மாவாகக் கொடுப்பதைவிட எடை அதிகம் இறங்குவதைக் காட்டினர். சோதனைக் காலம் சில நாள்கள்தான், நீரிழப்பு குறுக்கிட்டது. 1961இல் ஹெர்மன் டாலர் 'கலோரிகள் ஒரு பொருட்டல்ல' என்று நூலின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அந்த நூலோடு தொடர்புடைய குசும்பா எண்ணெய் மாத்திரை விற்பனை அவரை நீதிமன்றம் வரை கொண்டுபோனது தனிக்கதை.

இந்த வரிசையில் நின்று படிக்க வேண்டிய ஆய்வு, ஜான் யட்கினும் மார்கரெட் கேரியும் 1960இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டது. யட்கின் சர்க்கரையின் பகைவர். மாவைக் குறைக்கச் சொன்னவர். டாப்ஸ் அணிக்கு அவர் அயலார் அல்லர். ஆறு பேரிடம் மாவை மட்டும் குறையுங்கள், இறைச்சி, முட்டை, வெண்ணெய், பாலேடு விரும்பிய அளவு என்றார்கள். இரண்டு வாரம் நிறுத்துக் குறித்ததில் ஆறு பேருக்கும் மொத்தக் கலோரி இறங்கியிருந்தது. கொழுப்பு அப்படியொன்றும் ஏறவில்லை. ரொட்டி போனால் வெண்ணெய் தடவ இடம் ஏது? பேண்டிங் 'பசிக்கு விட்டுவிடலாம்' என்றதும் அவர் தட்டில் அவுன்சு குறைந்திருந்ததும் முரணாகத் தோன்றாத ஒரே வாசிப்பு இதுதான்: பசியே அளவைக் குறைத்தது. இதில் டாப்ஸ் பாதி வென்றவர்.

மறுபாதியை அவர் பங்கில் எழுந்த நிறுவனமே சோதித்தது. பீட்டர் அட்டியாவுடன் சேர்ந்து அவர் 2012இல் தொடங்கிய நூசி அமைப்பின் நிதியில் கெவின் ஹால் குழு 17 ஆண்களை அடைத்து வைத்து, கலோரியை மாற்றாமல் மாவை மட்டும் வெட்டியது. 2016இல் வந்த முடிவில் உடலின் எரிசக்திச் செலவு அறையளவீட்டில் நாளுக்குச் சுமார் 57 கலோரி கூடியிருந்தது. கொழுப்பிழப்பு வேகம் பிடிக்கவில்லை. வேறு முறையில் அளந்தபோது 151 வந்தது. அந்த வேறுபாட்டின் மேல் இன்றும் சண்டை நடக்கிறது. 2021இல் அதே ஹால் குழு 20 பேரை விரும்பியபடி உண்ண விட்டபோது, மாவு மிகுந்த குறைகொழுப்பு உணவில்தான் அவர்கள் நாளுக்கு 689 கலோரி குறைவாக உண்டார்கள். பசியை மாவின்மை எப்போதும் கட்டும் என்பதும் இதோடு ஆட்டம் காண்கிறது; சோதனை ஓர் உணவுக்கு இரண்டே வாரம் என்பதையும் மறக்கலாகாது.

தமிழ்நாட்டில் 'பேலியோ' எனப் பரவிய முறையில் காலை உணவு நூறு பாதாம். அது ஏறத்தாழ 120 கிராம், 690 கலோரி. கலோரி எண்ண வேண்டாம் என்பார்கள். ஆனால் பாதாமை எண்ணுகிறார்கள். பேண்டிங்கின் அவுன்சு செய்த வேலையையே அந்த நூறும் செய்கிறது. எண்ணாமல் மனக்கணக்கில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1992இல் லிக்ட்மன் குழு தந்த விடை கசப்பானது: எவ்வளவு குறைத்தும் இளைக்கவில்லை என்றவர்கள் தாங்கள் உண்டதைச் சராசரி 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தார்கள்.

பேண்டிங்கின் எடைப் பட்டியலில் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு 21 நாளுக்கும் இரண்டு பவுண்டு. ஏப்ரலிலிருந்து ஜூலை தொடக்கம் வரை அதுவே மூன்று பவுண்டு. எடை குறையக் குறைய இறக்கம் தளர்வதே வழக்கம். இங்கே வேகம் கூடுகிறது. குளிர்கால விருந்துகளா, வசந்தத்தில் கூடிய நடையா, இறைச்சியிலிருந்து மீனுக்கு மாறினாரா என்று கடிதம் சொல்லவில்லை. கலோரிக் கணக்கும் இதை விளக்கவில்லை. இன்சுலின் கணக்கும் விளக்கவில்லை. 1869 பதிப்பின் கூட்டுத்தொகைகள் ஆண்டு முழுவதற்கும் ஒரே மாதிரியாகப் போடப்பட்டிருப்பதால், மாதவாரியான வேறுபாட்டை அவற்றிலிருந்து மீட்க வழியில்லை.