சின்கோனா: பெயர் யாருக்கு?

எதிர்த்து அடிக்க மரத்திற்குக் கையில்லை. அஞ்சி ஓடக் காலில்லை. எனினும் பூச்சியும் விலங்கும் அதனைத் தின்று தீர்த்துவிடவில்லை. பட்டையிலும் இலையிலும் விதையிலும் அது சேர்த்து வைத்துள்ள கசப்பும் நஞ்சுமே அதன் காவல். இவற்றுட் சிலவற்றை ஆல்கலாய்டுகள் என்பர் வேதியியலார். பகைக்கு நஞ்சான பொருளே, அளவறிந்து உண்பார்க்கு மருந்தாவதும் உண்டு. அத்தகையது சின்கோனா மரப்பட்டையின் குவினைன். நம் முதியோர் கொய்னா என்று சொல்லும் மருந்து. மலேரியாக் கிருமி குருதியின் செம்பொருளைத் தின்று வாழ்வது. அதில் எஞ்சும் நச்சுக்கழிவைக் கிருமி மாற்றிக்கொள்ள முடியாதபடி குவினைன் தடுக்கிறது என்று அறிவியலார் கருதுகின்றனர்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவு அம்மரத்தின் தாயகம். பட்டையின் பயனை அங்கு வாழ்ந்த மக்களிடம் கற்ற ஏசு சபைத் துறவியர், பதினேழாம் நூற்றாண்டில் அதனை ஐரோப்பாவில் பரப்பினர். 'ஏசு சபையார் பொடி' என்ற பெயரைக் கேட்டே சீர்திருத்தக் கிறித்தவர் பலர் அதனை ஐயுற்றனர். காய்ச்சலுக்கு மதம் உண்டோ? மருந்துக்குத்தான் உண்டோ?

பெருவை ஆண்ட ஸ்பானிய அரசப் பிரதிநிதியின் மனைவி சின்சோன் சீமாட்டி. அவர் இப்பட்டையால் பிழைத்தெழுந்து, அதனை உலகிற்கு வழங்கினார் என்றொரு கதை 1663-இல் அச்சேறியது. அதையொட்டி லின்னேயஸ் 1742-இல் மரத்திற்கு அவர் பெயரையே சூட்டினார். பிரதிநிதியின் அரண்மனை நாட்குறிப்பிலோ அப்படியொரு செய்தியே இல்லை என்று 1941-இல் ஆய்வு காட்டிற்று. கதை பொய்த்தது, பெயர் நிலைத்தது!

1820-இல் பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் வல்லரசுகள் மரத்தையே கைக்கொள்ள முனைந்தன. 1860 முதல் ஆங்கிலேயர் நம் நீலகிரியில் சின்கோனாத் தோட்டங்கள் அமைத்தனர். நடுவட்டத்தில் சீனக் கைதிகளும் உழைத்தனர். ஆயினும் குவினைன் மிகுந்த விதையைத் தேடித் தந்தவர் மனுவேல் இன்க்ரா மமானி என்னும் பொலிவியப் பழங்குடியினர். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகரின் பணியாளர் அவர். உறைபனியில் பூக்கள் கருக, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து 1865-இல் விதை கொணர்ந்தார். ஆங்கில அரசு அதனை ஏற்கவில்லை. டச்சுக்காரர் வாங்கி ஜாவாவில் விதைத்தனர். பிற்காலத்தில் உலகக் குவினைனின் மிகப் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது.

மமானிக்குக் கிடைத்தது என்ன? மீண்டும் விதை திரட்டச் சென்றவரைப் பிடித்துச் சிறையிலிட்டு வதைத்தனர். அதனாலேயே அவர் மாண்டார். விதை முளைத்த மரமோ 'லெட்ஜெரியானா' எனப்பட்டது.

கதையில் மட்டுமே பிழைத்தெழுந்த சீமாட்டிக்கு ஒரு பெயர். விலை பேசிய வணிகருக்கு ஒரு பெயர். உயிர் தந்த உழைப்பாளிக்கு ஒன்றுமில்லை. அரண்மனைக் கதையை ஆராயாமல் ஏற்போர் வரலாற்றை இப்படித்தான் எழுதுவர். நாம் ஆராய்ந்து ஏற்போம். இனிச் சின்கோனாவைப் பற்றிக் கற்பிக்கும்போது, கரும்பலகையில் மமானியின் பெயரை முதலில் எழுதுவோம்.