மூச்சுவழி நச்சியல்

மூச்சுவழி நச்சியல் என்பது மூச்சுக்காற்றுடன் உடலினுள் செல்லும் வாயு, ஆவி, புகை, தூசு, நுண்துளி ஆகியவை உயிரினங்களுக்கு விளைவிக்கும் தீங்குகளை ஆராயும் நச்சியலின் ஒரு பிரிவு ஆகும். தொழிற்பாதுகாப்பு, காற்று மாசு, மருந்தியல் ஆகிய துறைகளில் பயன்படும் இவ்வியல் படைத்துறை நலவாழ்வு அறிவியலிலும் முக்கிய இடம் பெறுகிறது. இந்தியாவில் இவ்வகை ஆய்வுகளை மேற்கொள்ளும் படைத்துறை ஆய்வகங்களுள் மத்தியப் பிரதேசத்தின் குவாலியர் நகரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிலையம் குறிப்பிடத்தக்கது.

அடிப்படைக் கருத்துகள்

உண்ணும் நஞ்சின் அளவை நிறுத்துக் கூறலாம். மூச்சுவழி நஞ்சின் அளவை அவ்வாறு கூற இயலாது. காற்றில் அதன் செறிவு, மூச்சிழுத்த நேரம், மூச்சின் வேகம், நுரையீரலின் எப்பகுதியை அது அடைகிறது என்பன அனைத்தும் சேர்ந்தே தீங்கின் அளவை முடிவு செய்கின்றன.

ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தவை நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை செல்லக்கூடும். வாயுக்களைப் பொறுத்தவரை நீரில் கரையும் தன்மை முக்கியமானது. அம்மோனியா நீரில் எளிதில் கரைவதால் கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றை உடனே எரிக்கும். எனவே மனிதர் அவ்விடத்தை விட்டு விலக முயல்வர். பாஸ்ஜீன் நீரில் குறைவாகவே கரைவதால் முன்னெச்சரிக்கையின்றி நுரையீரலின் ஆழத்தை அடைகிறது. பல மணிநேரம் கழித்தே நுரையீரலில் நீர் கோத்து, நலமாகத் தோன்றியவர் உயிரிழக்க நேரிடும்.

செறிவையும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகை சமமாயின் விளைவும் சமம் என்பது ஏபர் விதி எனப்படும். இது எல்லா நஞ்சுகளுக்கும் பொருந்தாது. எடுத்துக்காட்டாக, ஐதரசன் சயனைடை உடல் ஓரளவு முறித்துவிடுவதால், நெடுநேரம் சுவாசித்த குறைந்த செறிவு இவ்விதி கூறும் அளவுக்குத் தீங்கு செய்வதில்லை.

வரலாறு

ஏப்ரல் 22, 1915 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகில் ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அத்திட்டத்தை வழிநடத்திய பிரிட்ஸ் ஏபரின் பெயராலேயே மேற்கூறிய விதி வழங்குகிறது. ஏப்ரல் 26 அன்று அதே களத்தில் இந்தியப் படையின் லாகூர் பிரிவும் இவ்வாயுவுக்கு இலக்கானது. அன்றைய வீரச்செயலுக்காக விக்டோரியா சிலுவை பெற்ற மீர் தஸ்த் என்பவரும் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டார். முதல் உலகப் போரில் வாயுத் தாக்குதலால் இறந்தோரில் பெரும்பான்மையோரின் சாவுக்குப் பாஸ்ஜீனே காரணமாகக் கருதப்படுகிறது. முகமூடிகளைச் சோதிக்கவும் சிகிச்சை காணவும் நாடுகள் ஆய்வகங்களை நிறுவியதிலிருந்து இத்துறை வளர்ந்தது.

ஆய்வு முறைகள்

எலி, சுண்டெலி முதலிய விலங்குகளை மூடிய அறையில் வைத்தோ, மூக்கு மட்டும் காற்றுக்குழாயில் பொருந்துமாறு அமைத்தோ ஆய்வு நடைபெறுகிறது. முழு உடலும் வெளிப்படும்போது உரோமத்தில் படியும் நஞ்சை விலங்கு நக்கி விழுங்கக்கூடும் என்பதால், இரண்டாவது முறை பல ஆய்வுகளில் விரும்பப்படுகிறது. அறையின் செறிவு, துகளின் அளவு, வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவை இடைவிடாது அளக்கப்படும். விலங்கின் மூச்சு வீதத்தைப் பாதியாகக் குறைக்கும் செறிவு, எரிச்சலூட்டும் பொருள்களை ஒப்பிடுவதற்கான ஓர் அளவுகோலாகும்.

போபால் பேரழிவு

டிசம்பர் 2, 1984 நள்ளிரவையொட்டி, போபாலில் இருந்த யூனியன் கார்பைடு பூச்சிகொல்லி ஆலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த இறப்பு எண்ணிக்கை 3,787 ஆகும். பிற மதிப்பீடுகள் இதனினும் மிகுதி. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிப்படி, பணியிடக் காற்றில் இப்பொருள் 10 கோடியில் 2 பங்குக்கு மேல் இருத்தலாகாது. ஆயினும் இதன் மூச்சுவழி நச்சுத்தன்மை குறித்து அதற்கு முன் வெளியான ஆய்வுகள் மிகச் சிலவே.

இக்குறை மருத்துவமனைகளில் வெளிப்பட்டது. இறந்தோரின் உடற்கூறாய்வில் கண்ட சில அறிகுறிகள் சயனைடு நஞ்சேற்றத்தை ஒத்திருந்தன. எனவே சயனைடுக்கு முறிமருந்தான சோடியம் தயோசல்பேட்டைச் செலுத்தலாமா என்பது பெரும் விவாதமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1985 இல் அதனைப் பரிந்துரைத்தது. குவாலியர் ஆய்வாளர்கள் 1987 இல் வெளியிட்ட விலங்காய்வில், மெத்தில் ஐசோசயனேட்டின் கடும் நச்சுத்தன்மையை அம்மருந்து தடுக்கவில்லை எனக் கண்டனர். நோயாளிகள் காத்திருக்கையில் தேட வேண்டியிருந்த விடைகள் இவை. விபத்துக்கு முன்னரே நஞ்சை ஆராய்ந்து வைப்பதன் தேவைக்கு இந்நிகழ்வு சான்றாக உள்ளது.

இந்தியாவில் ஆய்வகங்கள்

குவாலியர் நிலையம் 1947 இல் ஜிவாஜி தொழில் ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி, 1973 இல் இப்போதைய பெயரைப் பெற்றது. வேதி, உயிரியல் ஆயுதங்களுக்கு எதிரான பாதுகாப்பே இதன் முதன்மைப் பணி. கடுகு வாயுவுக்கு எதிரான மருந்துப் பொருள்களையும் இது ஆராய்ந்துள்ளது. லக்னோவிலுள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிலையம் 1965 இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டம் படப்பையிலுள்ள உயிர்த்தொழில்நுட்ப நச்சியல் நிறுவனம் பூச்சிகொல்லி முதலியவற்றின் நச்சாய்வுகளை மேற்கொள்கிறது.

மருந்தியல், உயிர்வேதியியல், விலங்கியல், கால்நடை மருத்துவம், வேதியியல் ஆகியவற்றைப் பயின்றோர் இத்துறையில் பணிபுரிகின்றனர். வாயுச் செறிவை அளக்கும் வேதியியலாளர், மூச்சைப் பதிவு செய்யும் உடலியலாளர், நுரையீரல் திசுவை ஆராயும் நோயியலாளர் ஆகியோரின் கூட்டுழைப்பாலேயே ஓர் ஆய்வு நிறைவுறும்.

அறநெறியும் சட்டமும்

1930களிலும் 1940களிலும் இராவல்பிண்டியில் பிரித்தானிய அறிவியலாளர் நூற்றுக்கணக்கான இந்தியப் படைவீரர் மீது கடுகு வாயுவைச் சோதித்தனர். பலர் தீப்புண்களுக்கு ஆளாயினர். இச்செய்தி ஆவணங்கள் வழியாக 2007 இல் பரவலாக அறியப்பட்டது.

1997 இல் நடைமுறைக்கு வந்த வேதி ஆயுத உடன்படிக்கை, இத்தகைய ஆயுதங்களைத் தடைசெய்தாலும் பாதுகாப்புக்கான ஆய்வை அனுமதிக்கிறது. இந்தியா தான் அறிவித்த வேதி ஆயுத இருப்பு முழுவதையும் 2009 இல் அழித்து முடித்தது. விலங்காய்வுகள் 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஒவ்வோர் ஆய்வுக்கும் நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.