பின்னணிப் படத்திரை ஒப்பனை

படப்பிடிப்புத் தளத்தில் போட்ட வீட்டின் சன்னலுக்கு வெளியே மலையோ தெருவோ தெரிவதற்காக, புகைப்படத்தைச் சுவரளவு அச்சிட்டுத் தொங்கவிடும் திரையே பின்னணிப் படத்திரை. தொழிலில் பேக்டிராப் என்பார்கள். அச்சுக்குப் போகும் முன் கணினியிலும், கட்டிய பின் தூரிகையாலும் அதைச் சரிசெய்வது டச்சப்.

தமிழகத்தில் இதற்கு முன்னோடி நாடகத் திரை. காலண்டர் ஓவியங்களால் புகழ்பெற்ற கோவில்பட்டி சி. கொண்டையராஜு, முதலில் நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர். சென்னை ஸ்டூடியோக்களிலும் வானமும் மலையும் துணியில்தான் எழுதப்பட்டன. ‘16 வயதினிலே’ (1977) வந்தபின் காமிரா கிராமத்துக்கே போனது. எழுதிய மலைகளுக்கு வேலை குறைந்தது.

புகைப்படத்தின் மேல் கைவேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சிறந்த சான்று ‘பிளாக் நார்சிசஸ்’ (1947). இமயமலைக் கதை, படப்பிடிப்போ பெரும்பாலும் லண்டனுக்கு அருகே பைன்வுட் ஸ்டூடியோவில். கலை இயக்குநர் ஆல்பிரட் யுங்கேயின் குழு கருப்பு வெள்ளைப் படங்களைப் பெரிதாக்கி, மேலே வண்ணச் சாக்குக்கட்டியால் நிறமேற்றியது. கலை இயக்கத்துக்கும் ஒளிப்பதிவுக்கும் அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது.

இன்று 40 அடிக்கு 20 அடித் திரையை அங்குலத்துக்கு 50 புள்ளி வீதம் அச்சிட்டால், 24,000க்கு 12,000 புள்ளிகள் வேண்டும். அதனால் பல படங்களை எடுத்து ஒட்டுவார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் மேகம் நகர்ந்திருக்கும், மரக்கிளை அசைந்திருக்கும். ஒட்டு தெரியாமல் மறைப்பதிலேயே பாதி வேலை போய்விடும்.

தேனி மாவட்டம் போடி அருகேயுள்ள சிலமலைப் பக்கமிருந்து மேற்கே தெரியும் மலைச்சரிவைத் திரையாக்குவதாக வைத்துக்கொள்வோம். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் ஒரு பஸ் பதிந்திருந்தால், சன்னலோரம் இரண்டு பேர் பேசி முடிக்கும்வரை அது அங்கேயே நிற்கும். ஆகவே முதலில் பஸ் போகும். பறவை, புகை, கடைப் பலகை எல்லாம் பின்னாலேயே போகும். நிழல் விழும் பக்கமும் தளத்து விளக்கின் திசையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துவராவிட்டால் படத்தை இடவலம் புரட்டிவிடும் வழக்கமும் உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

நிறத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தென்மேற்குப் பருவமழையின் மறைவுப் பகுதியில் இருப்பதால், போடிப் பக்கச் சரிவின் அடிவாரம் ஆண்டில் பல மாதம் காய்ந்து பழுப்பாகவே கிடக்கும். ஏலத்தோட்டப் பச்சை மேலே ஏறினால்தான். மலை என்றாலே பச்சை என்று சாயமேற்றினால் அது மூணாறாகிவிடும். தொலைவிலுள்ள முகடுகளைக் கூர்மையாக்குவதும் அதே வகைத் தவறு. இடையிலுள்ள காற்றும் தூசியும் ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்து மலை வெளிறி, நீலம் பாய்ந்து தெரியும். அந்த மங்கலைத் தொடாமல் விடுவது நல்லது. போதாவிட்டால் கூட்டவும் வேண்டும்.

அச்சானதும் ஒரு துண்டைத் தளத்து விளக்கிலேயே காமிராவில் பார்ப்பது அவசியம். பகல் வெளிச்ச விளக்கில் சரியாக இருந்த வானம் மஞ்சள் விளக்கில் செம்மை தட்டும். திரையை எந்த உயரத்தில் கட்டுவது என்பதையும் காமிராவை வைத்தே முடிவு செய்வார்கள். படத்தின் தொடுவானம் லென்ஸ் மட்டத்தைவிட்டு விலகினால், சன்னல் மலையைப் பார்க்காமல் போஸ்டரைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். பிளெக்ஸில் அச்சிட்டால் மடிப்பும் மினுமினுப்பும் தொல்லை. மினுக்கத்தைப் பளபளப்பற்ற பூச்சு அடக்கும். கிழிசல், உரசல்களில் போஸ்டர் கலரை வறண்ட தூரிகையால் ஒற்றுவார்கள். அப்போதும் படம் துருத்திக்கொண்டு நின்றால், முன்னால் மெல்லிய வலைத்துணி ஒன்றைக் கட்டிவிடுவார்கள்.

‘த மாண்டலோரியன்’ (2019) தொடருக்குப் பின் எல்இடி சுவர் பரவி வருகிறது. காமிரா நகரும்போது சுவரிலுள்ள மலையும் அதற்கேற்ப நகர்கிறது. பஸ்ஸையும் ஓடவிடலாம். ஆனால் பின்னணியில் நிலையான ஒரு சன்னல் காட்சி மட்டும் போதுமென்றால், அச்சுத்திரையே இன்னமும் மலிவு. சுருட்டி வைத்தால் அடுத்த படத்துக்கும் உதவும்.