வளையும் இடம், வளையாத இடம்: பிரெஞ்சில் பேரம் பேசிய கதை

பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப் தேர்வில் பி1, பி2 நிலைக்கு வந்துவிட்டால் ஒரு புதுத் தலைவலி ஆரம்பிக்கும். அதுவரைக்கும் பேரைச் சொல்லு, ஊரைச் சொல்லு, ரயில் டிக்கெட் வாங்கு என்று போய்க்கொண்டிருந்த பேச்சுத் தேர்வு, திடீரென்று "உன் கருத்தைச் சொல், அதுக்காக வாதாடு" என்று மாறிவிடும். கடைக்காரரிடம் பேரம் பேசு, பக்கத்து வீட்டுக்காரரை ஒத்துக்கொள்ள வை என்றெல்லாம் சூழ்நிலைகள் கொடுப்பார்கள்.

வேலைக்காக நாற்பது வயதுக்கு மேல் இந்த மொழியைத் தொட்டவன் நான். இலக்கணத்தில் தொடங்கிய குறிப்புகள் மெல்ல வரலாற்றுக்குள் போய்விட்டன. ஏனென்றால், இருநூறு வருஷத்துக்கும் மேலாக ஐரோப்பாவின் அரசுகள் தங்களுக்குள் பேரம் பேசிய மொழி இது. நாம் பாடப்புத்தகத்தில் தடுமாறுகிற அதே சின்னச் சொற்களில், தேசங்களும் தடுமாறியிருக்கின்றன.

முதலில் இலக்கணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 'ழெ பான்ஸ் கெ' (நான் நினைக்கிறேன்) என்று ஆரம்பித்தால், பின்னால் வரும் வினை சாதாரணமாக நிற்கும். 'ழெ நெ பான்ஸ் பா கெ' (நான் அப்படி நினைக்கவில்லை) என்று எதிர்மறையாக ஆரம்பித்தால், பின்னால் வரும் வினை பொதுவாக சப்ஜங்க்டிவ் என்ற வேறு வடிவத்துக்குப் போய்விடும். நிச்சயம் ஒரு வடிவம், சந்தேகம் இன்னொரு வடிவம். அதேபோல 'ழெ வெ' என்றால் 'எனக்கு வேணும்'. 'ழெ வூத்ரே' என்றால் 'கிடைச்சா நல்லா இருக்கும்'. இரண்டும் ஒரே வினைச்சொல்தான். இரண்டாவது, கண்டிஷனல் என்கிற வடிவம்.

இந்தக் கண்டிஷனலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உறுதியாகாத செய்தியை பிரெஞ்சுப் பத்திரிகைகள் இதில்தான் எழுதும். 'மந்திரி ராஜினாமா செய்துவிட்டார்' என்று எழுதாமல், 'செஞ்சுட்டாராம்' என்று எழுதுகிற மாதிரி. நம்முடைய அந்த 'ஆம்' செய்கிற வேலையை அங்கே வினையின் வடிவம் செய்கிறது. அதாவது பிரெஞ்சு, வினையில் நன்றாக வளையும் மொழி. சொன்ன மாதிரியும் இருக்கும், பொறுப்பு ஏற்காத மாதிரியும் இருக்கும். ராஜதந்திரிகளுக்கு வேறென்ன வேண்டும்!

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1716-ல் ஃபிரான்ஸ்வா தெ கலியேர் என்பவர், அரசர்களோடு பேச்சுவார்த்தை நடத்துவது எப்படி என்று ஒரு கையேடு வெளியிட்டார். பதினான்காம் லூயியின் தூதர்களில் ஒருவர். 1697-ல் ரைஸ்விக் சமாதான ஒப்பந்தத்தில் பிரான்ஸ் சார்பாக உட்கார்ந்தவர். பிரெஞ்சு அகாதமி உறுப்பினர், மொழிநடை பற்றியும் எழுதியவர். பேச்சுவார்த்தைக்காரன் பேசுவதைவிடக் கேட்க வேண்டும், கோபத்தை அடக்க வேண்டும், எதிராளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க வேண்டும், ஏமாற்றி வாங்கியது நிலைக்காது என்பவை அவருடைய முக்கியமான பாடங்கள். இன்றைக்கும் நிறுவனங்களில் பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லித்தருவது இதைத்தான்.

அந்தக் காலம்வரை ஐரோப்பிய ஒப்பந்தங்களின் கௌரவமான மொழி லத்தீன். அது மாறிய இடம் என்று பலரும் காட்டுவது 1714 மார்ச்சில் கையெழுத்தான ராஷ்டாட் ஒப்பந்தத்தை. பேசியவர்கள் இரண்டு தளபதிகள்: பிரான்ஸ் தரப்பில் வில்லார், பேரரசர் ஆறாம் சார்லஸ் தரப்பில் இளவரசர் யூஜின். யூஜின் பாரிஸில் பிறந்து வளர்ந்தவர். லூயி தன் படையில் இடம் தரவில்லை என்று அந்தப் பக்கம் போனவர். இருவரும் பிரெஞ்சிலேயே பேசினார்கள், பிரெஞ்சிலேயே எழுதினார்கள். ஆனால் ஒரு தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது: பிரெஞ்சில் எழுதியதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே வருஷம் செப்டம்பரில் பேடன் நகரில் போட்ட ஒப்பந்தம் மறுபடி லத்தீனில்தான்.

நெப்போலியன் தோற்றபின் 1815-ல் கையெழுத்தான வியன்னா மாநாட்டின் இறுதி ஆவணத்தைப் பாருங்க. தோற்றது பிரான்ஸ். ஆவணமோ பிரெஞ்சில். அதிலும் 120-வது பிரிவில் அதே எச்சரிக்கை: இந்த மொழியைப் பயன்படுத்தியதால் எதிர்காலத்தில் யாரையும் இது கட்டுப்படுத்தாது. நூறு வருஷமாக 'இது முன்னுதாரணம் இல்லை' என்று பிரெஞ்சிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள்!

ஏன் இந்த மொழி? பிரான்சின் பலம், அரசவைகளின் நாகரிகம் எல்லாம் காரணம். ஆனால் அப்போது எல்லோரும் சொன்ன காரணம் 'தெளிவு'. பெர்லின் அகாதமி இதையே கட்டுரைப் போட்டியாக வைத்தது. 1784-ல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரிவரோல், பிரெஞ்சின் தெளிவைத்தான் தூக்கிப் பிடித்தார். அந்த நம்பிக்கை நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. 1905-ல் ரஷ்யாவும் ஜப்பானும் அமெரிக்காவில் போர்ட்ஸ்மத் ஒப்பந்தம் போட்டன. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் எழுதினார்கள். இரண்டுக்கும் அர்த்தத்தில் வேறுபாடு வந்தால் பிரெஞ்சு மூலமே செல்லும் என்றும் எழுதிக்கொண்டார்கள். இரண்டு பேருக்குமே அது தாய்மொழி இல்லை.

இது உடைந்தது 1919-ல். பாரிஸ் மாநாட்டில் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோவுக்கு நல்ல ஆங்கிலம் தெரியும், இளமையில் அமெரிக்காவில் ஆசிரியராக இருந்தவர். எதிரே வில்சனும் லாய்ட் ஜார்ஜும் ஆங்கிலத்துக்காரர்கள். வெர்சாய் ஒப்பந்தத்தில் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டு மூலமும் சமமாக அதிகாரபூர்வமானவை என்று எழுதப்பட்டது. எது செல்லும் என்ற வரி காணாமல் போனது.

அந்த வரி இல்லாததன் விலை என்ன? 1967 நவம்பர் 22-க்குப் போகலாம். ஆறு நாள் போர் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சினாய், காஸா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலான் எல்லாம் இஸ்ரேலின் கையில். ஐ.நா. பாதுகாப்பு சபை 242-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. வரைவு பிரிட்டனின் கேரடன் பிரபு கொண்டுவந்தது. அதற்கு முன் இந்தியா, மாலி, நைஜீரியா சேர்ந்து வைத்த வரைவில் 'எல்லாப் பகுதிகளிலிருந்தும்' வாபஸ் என்று வெளிப்படையாக இருந்தது. அந்த வரைவு வாக்கெடுப்புக்கே வரவில்லை. பிரிட்டிஷ் வரைவில் 'எல்லா'வும் இல்லை, 'த' என்ற ஆங்கிலச் சுட்டுச்சொல்லும் இல்லை. வெறும் 'ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து'. வேண்டுமென்றேதான் அப்படி விட்டார்கள். அந்த இடைவெளி இருந்ததால்தான் எல்லோரும் கை தூக்க முடிந்தது.

பிரெஞ்சில் அந்த இடைவெளி கிடைக்கவில்லை. 'தெ' என்றால் 'இருந்து'. அதோடு 'லே' என்ற பன்மைச் சுட்டு சேர்ந்தால் 'தே' ஆகும். தீர்மானத்தின் பிரெஞ்சு வடிவம் 'தே தெரித்துவார் ஒக்குயுபே' என்றது. அதாவது, அந்த ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து, ஒட்டுமொத்தமாக. 'தெ தெரித்துவார்' என்று சுட்டு இல்லாமலும் எழுதலாம், இலக்கணத் தவறில்லை. ஆனால் 'ஏதோ சில பகுதிகள்' என்று கை நீட்டிச் சொன்ன மாதிரி ஆகிவிடும். நடுவில் நிற்க இடமில்லை.

அன்றே சபையில் பிரான்சின் பிரதிநிதி பெரார், பிரெஞ்சு மூலமும் சம அதிகாரம் உள்ளது, அதில் குழப்பமே இல்லை என்று பதிவு செய்தார். இந்தியாவின் பிரதிநிதியாக அங்கே இருந்தவர் சென்னையைச் சேர்ந்த ஜி. பார்த்தசாரதி. எல்லாப் பகுதிகளிலிருந்தும் வாபஸ் என்றுதான் இந்தியா புரிந்துகொள்கிறது என்று 'எல்லா' என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னார். கேரடனோ, அவரவர் கருத்து அவரவருக்கு, கட்டுப்படுத்துவது தீர்மானம் மட்டுமே என்றார். இஸ்ரேல் ஆங்கில மூலத்தைப் பிடித்துக்கொண்டது, அரபு நாடுகள் பிரெஞ்சு மூலத்தை. ஐம்பது வருஷம் தாண்டியும் அந்த வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது வீடுகளும் வயல்களும் அகதி முகாம்களும்.

எங்கள் தொழிலில் இதற்கு எதிரான பழக்கம் உண்டு. இணையத் தரநிலைகளுக்காக 1997-ல் ஆர்.எஃப்.சி. 2119 என்று ஒரு ஆவணம் வந்தது. 'மஸ்ட்' என்றால் என்ன, 'ஷுட்' என்றால் என்ன, 'மே' என்றால் என்ன என்று முதலிலேயே கட்டிப்போட்டுவிடுவார்கள். கணினிக்கு அது சரி. மனிதர்கள் பேரம் பேசும்போது, எல்லாவற்றையும் கட்டிப்போட்டால் பல சமயம் கையெழுத்தே விழாது. கட்டாமல் விட்டால் கையெழுத்து விழும், சண்டை தள்ளிப்போகும்.

இந்தக் குறிப்புகளிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். ஒரு மொழி தெளிவானது, இன்னொன்று குழப்பமானது என்பதெல்லாம் இல்லை. ஒவ்வொரு மொழியும் ஒரு இடத்தில் வளையும், ஒரு இடத்தில் வளையாது. பிரெஞ்சு வினையில் வளையும், சுட்டில் வளையாது. நம் தமிழில் சுட்டு கட்டாயமே இல்லை. 'ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து' என்று நாம் எழுதினால் அது ஆங்கில மூலம் மாதிரியே திறந்து கிடக்கும்.

அதனால் பிரெஞ்சு படிக்கிற தமிழர்களுக்கு என் சிபாரிசு இது. 'என் கருத்துப்படி' மாதிரியான தொடர்களை மனப்பாடம் செய்வது நல்லதுதான். அதோடு 'லெ', 'லே', 'தே' என்ற சின்னச் சொற்களுக்கும் கொஞ்சம் நேரம் கொடுங்க. தமிழில் யோசித்து பிரெஞ்சில் எழுதும்போது, நாம் திறந்து விட நினைத்த கதவை அவை நமக்குத் தெரியாமலே சாத்திவிடும். மின்னஞ்சலில் 'மாற்றங்களைச் செய்து தருகிறோம்' என்று எழுதும்போது, சில மாற்றங்களா, கேட்ட எல்லா மாற்றங்களுமா என்று அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.